உள்ளே விரித்த இலை

போர் முடிந்து வந்த முதல் பொங்கலுக்கு முந்தின நாள், மலாக்காவின் காஜா பெராங்கில் நான் குடியிருந்த வீட்டில், ஒரு வாழையிலையை எங்கே விரிப்பது என்று முடிவாக வேண்டியிருந்தது. நடுக்கூடத்திலா, வாசலுக்கு வெளியிலா. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. அந்த இலைக்கு உரியவரின் மனைவிக்கோ அன்று அதைத் தவிர வேறு விஷயமே இல்லை.

ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

முதலில் வீட்டுக்கார அம்மா. தலைமுறைகளுக்கு முன்பு இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிய தமிழர்களான மலாக்காச் செட்டிகள், வயதில் மூத்த பெண்ணை பீபிக் என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போருக்கு வெகு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகன், மீசை சரியாக அரும்பாத வயது. ஜப்பான்காரர்கள் ஊருக்குள் வந்த அடுத்த வருஷம், யாரோ எதையோ சொல்லி, அவனைக் கையைக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரைப் பக்கம் சுட்டுவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது. உடல் வரவில்லை.

இரண்டாவது, இரண்டு வீடு தள்ளியிருந்த கூப்பன் கிளார்க். ஜப்பான் காலத்தில் அரிசிச் சீட்டு கொடுக்கும் ஆபீசில் வேலை பார்த்தவர். அவர்கள் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். ஜப்பான் சரணடைந்து, வெள்ளைக்காரர்கள் இன்னும் வந்து சேராத வாரங்களில், ஜப்பானை எதிர்த்துக் காட்டில் போராடி, துப்பாக்கியோடு இறங்கியவர்கள் அவரை நடுத்தெருவில் சைக்கிளிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் குண்டுபட்டு ஆற்றோரத்தில் கிடந்தார்.

மூன்றாவது, அவருடைய மனைவி. இருபது வயது. அப்போது வயிற்றில் இரண்டு மாதம்.

கடைசியாக நான். நகர மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியும் பிரசவப் பயிற்சியும் முடித்தவள். அப்பா ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வேலைக்காக பீபிக் வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். இங்கே நர்ஸை மிசி என்பார்கள். அந்த வரிசை வீடுகளில் எனக்கு வேறு பெயர் கிடையாது. அவர்களுடைய வீட்டுப் பேச்சு மலாய். சாமி விஷயத்திலும் சாப்பாட்டு விஷயத்திலும் மட்டும் கொஞ்சம் தமிழ் எட்டிப் பார்க்கும். அவர்கள் சொன்னதை நான் என் தமிழில்தான் எழுதுகிறேன். தமிழுக்குள் வர மறுத்த ஒன்றிரண்டு சொற்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின மாலை செட்டி வீடுகளில் பார்ச்சு. இறந்துபோனவர்களுக்குப் படைப்பது. ஆளுக்கு ஓர் இலை. இலைக்கு இலை அவரவருக்குப் பிடித்தது. பீபிக்கின் கணவருக்குச் சுருட்டு, மாமியாருக்கு வெற்றிலை, மகனுக்குத் தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பாலும் பனை வெல்லம் போட்ட அப்பமும். எல்லாம் பரிமாறி, கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டிலுள்ளவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். "நாம பார்த்துக்கிட்டே நின்னா அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? கூச்சமா இருக்காதா?" என்பார் பீபிக்.

அந்த வரிசையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வயதாகியோ நோய்வாய்ப்பட்டோ போனவர்களுக்கு இலை உள்ளே. வெட்டுப்பட்டோ குண்டுபட்டோ போனவர்களுக்கு வாசலுக்கு வெளியே. அவர்கள் கோபத்தோடு வருவார்களாம். உள்ளே விட்டால் மற்றவர்களைச் சாப்பிட விடமாட்டார்களாம். மகன் போன பிறகு வந்த முதல் பார்ச்சுவில், படையல் நடத்தி வைக்கும் கொழுந்தனார் அவன் இலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பீபிக் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"என் பிள்ளை தானா செத்தானா? இழுத்துட்டுப் போய்க் கொன்னாங்க. கொன்னவனை வெளியில நிறுத்து. இவனுக்கு இது வீடு."

இலை உள்ளே வந்தது. 

இரண்டு வருஷம் கழித்து, பொங்கலுக்குச் சில நாள் முன்பு, கிளார்க்கின் மனைவியைப் பரிசோதிக்கப் போயிருந்தேன். ஏழாம் மாதம். குழந்தையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று நான் தடவிக்கொண்டிருந்தபோது அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இவரோட அண்ணன் இந்த வருஷம் இவருக்கு இலை போடலையாம், மிசி."

"ஏன்?"

"பயம். துப்பாக்கிக்காரங்க இன்னும் ஊர்லதான் நடமாடுறாங்களாம். ஒரு வருஷம் போகட்டும்னாரு."

"நீயே போடலாமே."

அவள் சிரித்தாள். நான் விவரம் தெரியாதவள் என்பதற்கான சிரிப்பு. "புதுசா போனவங்களுக்குத் தனியா வழி தெரியாது. பழையவங்கதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். இவங்க வீட்டுப் பழையவங்களுக்கு அண்ணன் வீட்லதான் இலை, என் வீட்ல யாரு இருக்கா?" மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "பீபிக் வீட்டுப் பெரியவங்களுக்கு இவரைத் தெரியும். அம்மா இல்லாத பிள்ளைன்னு சின்ன வயசுல பாதி நாள் அங்கதான் சாப்பாடு. நீங்க கேக்கறீங்களா? மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மிசி வந்துக்கிட்டிருந்தாரு. பசியோட போயிட்டாரு."

குழந்தை நல்லபடியாக இருந்தது. அதைச் சொன்னேன். கேட்கிறேன் என்றும் சொன்னேன்.

பீபிக் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு முட்டை கொடுத்து விடறேன். பால் மாவு கிடைச்சா நீ வாங்கிக் கொடு, காசு நான் தரேன். இதை மட்டும் கேக்காதே."

"சரி, பீபிக்."

"என்ன சரி? ஏன்னு கேளு."

"ஏன்?"

"என் பிள்ளையை லாரியில ஏத்தின அன்னிக்கு நான் அவன் வீட்டுக்குத்தான் ஓடினேன். நீ அவங்க பேச்சு பேசுவியே, வந்து ஒரு வார்த்தை சொல்லுடான்னேன். கதவு திறக்கல. அடியில சந்து இருக்குல்ல, அதுல அவன் கால் தெரிஞ்சுது. நின்னுக்கிட்டே இருந்தான். லாரி போயிடுச்சு."

முறம் ஆடுவது நின்றிருந்தது. மறுபடி ஆடத் தொடங்கியது.

"வாசல்ல வேணும்னா வைக்கச் சொல்லு. வழக்கம் அதுதானே."

"உங்க மகனுக்கு உள்ளே வெச்சீங்களே."

"அது வேற," என்றார் பீபிக்.  நான் முறத்தின் மறுபக்கம் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

அது வேற, இது வேற. அந்த மாதங்களில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். பீபிக்கின் மகனுக்காக அந்த வரிசையில் அழாதவர்கள் இல்லை. அதே வாய்கள் கிளார்க்கைப் பற்றி, கேட்டு வாங்கிக்கிட்டான் என்றன. மருத்துவமனையிலும் அப்படித்தான். காயம்பட்டவரைக் கொண்டுவந்தால், ஸ்ட்ரெச்சரைத் தூக்குவதற்கு முன்பே, யார் செஞ்சது என்று கேட்டார்கள். ஜப்பான்காரன் செய்தது என்றால் ஒரு வேகம். காட்டுக்காரர்கள் செய்தது என்றால் வேறொரு வேகம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை எனக்கு மனப்பாடம்: மூச்சு இருக்கிறதா, ரத்தம் எங்கிருந்து வருகிறது, எலும்பு, சூடு, தண்ணீர். செய்தது யார் என்பது அதில் எங்கும் வராது. அது தேவையில்லாத கேள்வி என்று நான் நினைக்கவில்லை. அதற்கு ஒரு மேஜையும் நாற்காலியும், கேட்க ஒருவரும் பதில் சொல்ல ஒருவரும் வேண்டும். கிளார்க்குக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. பீபிக்கின் மகனுக்கும் கிடைக்கவில்லை.

மசாலாச் சாமான் வாங்க பீபிக் என்னை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்கு அனுப்பினார். பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில் எங்களுக்கு வழக்கமான மளிகைக் கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம்; அண்ணன் முறையில் அவரை நானா என்பேன். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அங்கே கடை.

"என்ன தங்கச்சி, செத்தவங்களுக்குச் சமையலா? உயிரோட இருக்கறவங்களுக்கே கொத்தமல்லி இல்ல."

"மூணு வருஷமா இலையில உபி காயுதான் வெச்சோம், நானா. இந்த வருஷமாவது குழம்பு ருசியா இருக்கணுமாம்."

"மரவள்ளிக் கிழங்குக்கு மூணு வருஷம் வந்து போயிருக்காங்கன்னா ரொம்ப நல்ல மனுஷங்களாதான் இருக்கணும்." பொட்டலம் கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கிளார்க்குக்கும் இலை போடறதா ஒரு பேச்சு. நெசமா?"

"பேச்சுதான். இன்னும் முடிவாகல."

"பீபிக் மகன் கதை வேற, இது வேற. அது அநியாயம்." சீரகத்தை நிறுத்துவிட்டு, தராசைப் பார்த்தபடி, "இது, என்னமோ நடந்துபோச்சு," என்றார்.

"எதுல வேற, நானா?"

"அவன் அவங்ககிட்ட சம்பளம் வாங்கினவன்லா."

"நானும் வாங்கினேன். மூணு வருஷமா ஆஸ்பத்திரிச் சம்பளம் யாரு கொடுத்தா?"

"நீ ஊசி போட்டே."

"அவரு அரிசிச் சீட்டு போட்டாரு."

"நாலு பேருக்குச் சீட்டை நிறுத்திட்டான்னு சொல்றாங்க."

"இருக்கலாம். அதை விசாரிச்சிருக்கணும். விசாரிச்சாங்களா?"

நானா நூலை இழுத்து அறுத்தார். "உன்கிட்ட பேசினா பள்ளிக்கூடத்துல நிக்கற மாதிரி இருக்கு. தாப்பா, பரவாயில்ல, இந்தா பிடி." பொட்டலத்தின் மேல் இன்னும் ஒரு கை மல்லியை வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து, கணக்குப் பார்ப்பவர் குரலில், "நானும்தான் அவங்களுக்குச் சீனி வித்தேன்," என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்புகிற வழியில் கிளார்க்கின் மனைவியிடம் பீபிக் சொன்னதைச் சொன்னேன். இலை உண்டு, ஆனால் வாசலில். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபத்துக்கு மருந்து எனக்குத் தெரியும். அவள் கோபப்படவில்லை.

"வெளியிலன்னா வேணாம், மிசி. ராத்திரி பூரா வெளியிலதானே கிடந்தாரு."

பார்ச்சு அன்று எனக்கு விடுப்பு. இலைகளைத் துடைத்து வரிசைப்படுத்துவது என் வேலை. என் கை ஒழுங்குக்கு பீபிக் அதை மட்டும்தான் நம்பிக் கொடுப்பார். சமையலில் என்னைச் சேர்க்க மாட்டார், நான் புளியை மருந்து மாதிரி அளக்கிறேன் என்று. வாளை மீன் புளிக்குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி நின்று கிண்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிளார்க்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தப்ப நீதானே இருந்தே?"

"ஆமா." ஆள் பற்றாக்குறைக் காலம். பிரசவ வார்டிலிருந்த என்னைச் சவக்கிடங்குக்கும் அனுப்புவார்கள். மாட்டு வண்டிக்காரர் ஒருவர்தான் ஆற்றோரத்திலிருந்து அவரை ஏற்றி வந்திருந்தார். ஜப்பான் ஆளு, கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வார்டு ஆட்கள் போய்விட்டார்கள். இதையெல்லாம் பீபிக்கிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"கை கட்டியிருந்துச்சா?"

இலையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். அவர் மகனைக் கடைசியாகப் பார்த்தது முதுகுப்புறமாகத்தான். லாரியின் பின்பலகையில் ஏற முடியாமல் அவன் தடுமாறியதையும், கட்டிய கைகள் முதுகில் துடித்ததையும் அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

"கட்டியிருந்தது."

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

அகப்பை நின்றது. குழம்பு மட்டும் கொதித்தது.

"அவிழ்த்தியா?"

"முடிச்சு அவிழல. கத்தரிக்கோலால வெட்டினேன்."

"அப்புறம்?"

"கழுவினேன். கையை முன்னால கொண்டு வந்து வெச்சேன்."

"தேய்ச்சு விட்டியா? ரொம்ப நேரம் கட்டியிருந்தா மரத்துப் போகும்."

இறந்த கை சொன்னவுடன் வளையாது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல மெல்லத் தேய்த்துத்தான் நான் அவற்றை முன்னால் கொண்டுவந்தேன். அதனால் தேய்த்தேன் என்று சொன்னது பொய்யில்லை. பீபிக் அடுப்பருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அப்ப மாவு படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளைக்கு யாரு அவிழ்த்தாங்களோ."

நான் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் என் தலையை இழுத்துத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். அழ வேண்டியவர் அவர். ஆனால் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தவரும் அவர்தான். குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தோம்.

"மீன் தலையைத் தனியா எடுத்து வை," என்றார். "அந்தக் கிளார்க்குப் பயலுக்குத் தலைதான் பிடிக்கும். என் பிள்ளை தட்டுலேர்ந்து பிடுங்கித் தின்பான், வெட்கங்கெட்டவன்."

"இலை?"

"உள்ளே போடு. என் பிள்ளை பக்கத்துல வேணாம். என் புருஷன் பக்கத்துல போடு, அவரு நடுவுல இருந்தா சண்டை வராது." அகப்பையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் அவனை விட்டுட்டேன்னு நினைக்காதே. அந்தக் கதவை ஏன் திறக்கலைன்னு அவனைக் கேப்பேன். அங்க போய்ச் சேர்ந்தாவது கேப்பேன். ஆனா அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. துப்பாக்கிக்காரங்களை யாரு அவனைச் சுடச் சொன்னா? நான் சொன்னேனா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. மெதுவா நடக்கச் சொல்லு."

மாலையில் கொழுந்தனார் வெள்ளை உடுத்தி வந்தார். விளக்கேற்றினார். இலைகளைப் பார்த்தார். கூடுதலாக இருந்ததையும் பார்த்தார்.

"இது யாருக்கு?"

பீபிக் சொன்னார். அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி, எனக்குக் குழந்தை குட்டி இருக்கு," என்றார்.

"அவனுக்கும் வருது, இன்னும் ரெண்டு மாசத்துல. நீ உன் ஆட்களைக் கூப்பிடு. அவனை நான் கூப்பிடறேன்."

கொழுந்தனார் பெரியவர்களை ஒவ்வொருவராக, உறவு சொல்லிக் கூப்பிட்டார். அவர் முடித்த பிறகு பீபிக் வாசல் பக்கம் திரும்பி நின்றார். கிளார்க்கின் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பீபிக் முதலில் மகனைக் கூப்பிட்டார். பிறகு கிளார்க்கின் முறை வந்தபோது, தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில், கொஞ்சம் கடுப்போடு, "மாரி மாக்கான், நாக்," என்றார். சாப்பிட வாடா, பிள்ளை என்று அர்த்தம். "வாசல்ல நிக்காதே. உள்ளே வா."

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். கொழுந்தனார் தெருவைப் பார்த்தபடி நின்றார், ஆனால் போகவில்லை. கிளார்க்கின் மனைவிக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டவர் அவர்தான்.

இதை எழுதும் இந்த நாட்களிலும் பேப்பரில் ஆளைக் கொண்டுபோய்ச் சுட்ட செய்திகள் வராமல் இல்லை. மாலையில் பீபிக்குக்குப் படித்துக் காட்டுவேன். அடுத்த வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள், யார் செஞ்சது என்று கேட்பார்கள். பதில் தெரிந்த பிறகுதான் உச்சுக் கொட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பீபிக் அதையும் கேட்பார், ஆனால் கடைசியில். வீட்டுக்குச் சொல்லியனுப்பினாங்களா, சாப்பிட்டிருந்தாங்களா என்பவைதான் அவருடைய முதல் கேள்விகள். பேப்பரில் அதெல்லாம் இருக்காது. இல்லை என்று சொல்வேன்.

அன்று உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று பீபிக்குக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. ஒரு கட்டத்தில் தலையசைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். தட்டாமல் திறக்கக் கூடாது. எழுந்து போக அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். பிறகு திறந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலைகள் நாங்கள் வைத்தபடியே இருந்தன.

கிளார்க்கின் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"சாப்பிட்டாரா, பீபிக்?"

பீபிக் அந்த இலையின் முன் குனிந்தார். மீன் தலையை உற்றுப் பார்த்தார். சோற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நான் நோயாளியின் நாடியைப் பார்ப்பதை விட நிதானமாகப் பார்த்தார்.

"சாப்பிட்டிருக்கான். அவசர அவசரமா, எப்பவும் போல." இலையை இரண்டு கையாலும் ஏந்தி எழுந்து வந்தார். "மிச்சத்தை நீ சாப்பிடு. உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடு. முள்ளு இருக்கும், பார்த்து."